எல்லைக்கல்

கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு பெரிய காரியமா, அதற்கு ஒரு சரித்திரமும் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. அரசர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஏராளம். அரிவாள்மனையின் சரித்திரத்தை எழுதத்தான் ஆள் இல்லை. ஆனால் தினமும் நமக்குச் சோறு போடுவது எது என்று யோசித்துப் பார்த்தால், நான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட காரணம் விளங்கும்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் சகாக்களும் யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயக்க முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்ட அதன் முதல் கையேட்டிலேயே 'கேட்' என்ற கட்டளை காணப்படுகிறது. ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு உடனே பூனை ஞாபகம் வரும். பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சங்கிலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. இரண்டு கோப்புகளின் பெயரைச் சொன்னால் ஒன்றின் வாலில் மற்றதைக் கோத்துக் கொடுத்துவிடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

அதே கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய், தோட்டத்து ரப்பர்க் குழாய்களைப் பூட்டுவது போலப் புரோகிராம்களையும் ஒன்றோடொன்று பூட்ட வேண்டும் என்று 1964-லேயே எழுதி வைத்திருந்தார். 1973-ல் தாம்ஸன் அந்த ஆசையை நிறைவேற்றினார். ஒரு புரோகிராம் கக்குவதை அடுத்தது குடிக்கலாயிற்று. அந்தக் குழாயில் 'கேட்' இறைத்த தண்ணீர் ஐம்பது ஆண்டுகள் பாய்ந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று செடி கேட்பதில்லை அல்லவா? ஆகவே ஒரு கோப்பு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று 'கேட்' சொன்னதுமில்லை; பெரும்பாலும் யாரும் அதைக் கேட்டதுமில்லை.

பிறகு கேட்கிற செடி ஒன்று முளைத்தது. மொழி மாதிரி என்று சொல்லப்படும் யந்திரத்தைத்தான் சொல்கிறேன். 2020-ல் வந்த ஜி.பி.டி-3 ஒரே சமயத்தில் பார்க்கக் கூடியது 2,048 டோக்கன்கள். அதாவது சில பக்கங்கள். 2023 மே மாதத்தில் கிளாட் என்ற மாதிரிக்கு அந்த அளவு 1,00,000 ஆயிற்று. 2024 பிப்ரவரியில் ஜெமினி 1.5 பத்து லட்சம் என்று அறிவித்தது. இலை பெரிதானால் பரிமாறுகிறவனுக்கும் கை நீளும். ஒரு புரோகிராமின் கோப்புகள் அனைத்தையும் கொட்டி, "பிழை எங்கே, சொல்" என்று கேட்கத் தொடங்கினார்கள். 'கேட்' கோத்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, பிழை இன்ன கோப்பில் இருக்கிறது என்று யந்திரம் எப்படிச் சொல்லும்? பெயர்தான் கூட வரவில்லையே!

2024 ஏப்ரலில், டிஜாங்கோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிஸன் 'ஃபைல்ஸ்-டு-பிராம்ப்ட்' என்ற சிறு கருவியை வெளியிட்டார். கட்டளை வரியில் ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், அது ஒவ்வொரு கோப்பின் முகவரியையும் முதலில் எழுதி, ஒரு கோடு போட்டு, உள்ளடக்கத்தைத் தந்து, மறுபடி ஒரு கோடு போடும். வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தொடக்கக் குறி, முடிவுக் குறிகளுக்குள் அடைத்தும் தரும். அதன் நிரலை எழுதியது கிளாட் 3 ஓபஸ் என்பதை அவரே பகிரங்கமாகச் சொன்னார். தனக்குப் போடப்போகும் இலையைத் தானே தைத்துக்கொண்ட விருந்தாளியை இப்போதுதான் பார்க்கிறேன்!

இந்தக் கருவியில் என்னைக் கவர்ந்தது அது சேர்ப்பதைவிட, சேர்க்காமல் விடுவதுதான். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளை, கேட்டாலொழிய, அது தொடாது. கடவுச்சொற்கள் பல சமயம் அங்கேதான் பதுங்கியிருக்கும். விலக்க வேண்டியவை என்று புரோகிராமர் குறித்து வைத்த பட்டியலையும் மதிக்கும். வீட்டைக் காலி செய்கிற அவசரத்திலும் இரும்புப் பெட்டிச் சாவியை லாரிக்காரனிடம் கொடுக்காத வேலைக்காரனைப் போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லைக்கல் நட்டால் மட்டும் போதுமா? 2022 செப்டம்பரில் 'பிராம்ப்ட் இஞ்செக்ஷன்' என்று ஓர் ஆபத்துக்குப் பெயர் வைத்தவரும் இதே வில்லிஸன்தான். கோப்புக்குள் எவனோ ஒருவன், "மேலே சொன்னதை விட்டுவிடு, நான் சொல்வதைச் செய்" என்று எழுதி வைத்தால், யந்திரம் அதையும் எஜமானன் வாக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடும். படிக்கக் கொடுத்த காகிதம் எது, இட்ட கட்டளை எது என்ற பேதம் அதற்கு நிச்சயமாகத் தெரிவதில்லை. குறிகள் உதவுகின்றன, காவல் காப்பதில்லை. முழு மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பழைய 'கேட்' செய்தது கூலி வேலை. மூட்டையில் என்ன இருக்கிறது என்று கூலிக்காரன் பார்க்க வேண்டியதில்லை. புதிய கருவி செய்வது தொகுப்பாசிரியர் வேலை. இது யாருடைய எழுத்து, எங்கிருந்து வந்தது, எது வெளியே போகக் கூடாது என்று பார்ப்பதே அந்த வேலையின் உயிர். அதில் பாதியைக் கருவி செய்துவிடுகிறது. மறு பாதி, அதாவது அந்தக் கோப்புகளை நம்பலாமா என்று முதலில் படித்துப் பார்ப்பது, இன்னும் மனிதன் தலையில்தான் இருக்கிறது. கோப்புறையின் பெயரைத் தட்டச்சு செய்கிறவர்கள், அனுப்புகிற பொத்தானைத் தட்டுமுன் அந்தப் பாதியையும் செய்துவிடுவது நல்லது.