கண்டதைக் கண்டபடி எழுதுதல்

பள்ளிச் சோதனைச்சாலைக்குள் செல்லும் மாணவன் இரண்டு நோட்டுகளைச் சுமந்து செல்கிறான்: அளவெடுத்த கணத்திலேயே பென்சிலால் குறித்து ஆசிரியரிடம் கையொப்பம் பெறும் அப்சர்வேஷன் நோட்டு ஒன்று, இடப்பக்கத்துக் கோடில்லாத தாளில் படமும் அட்டவணையும், வலப்பக்கத்துக் கோடிட்ட தாளில் நோக்கம், உபகரணங்கள், செய்முறை, முடிவு என்னும் வரிசையும் நிறையும் ரெக்கார்டு நோட்டு மற்றொன்று. இந்த வரிசை பரீட்சைக்காக யாரோ வகுத்த வெறும் சம்பிரதாயம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்குப் பின்னால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அது, அங்கில்லாத ஒருவரை எவ்வாறு சாட்சியாக்குவது என்னும் பிரச்சினையின் சரித்திரம்.

1660 நவம்பரில் லண்டனிலுள்ள கிரஷாம் கல்லூரியில் கூடிய அறிஞர் சிலர், பின்னர் ராயல் சொசைட்டி எனப் பெயர் பெற்ற சங்கத்தைத் தொடங்கினர். எவருடைய சொல்லையும் அவரது பெருமை கருதி ஏற்பதில்லை என்பதே அச்சங்கத்தார் பிற்பாடு மேற்கொண்ட லத்தீன் விருதுவாக்கியத்தின் கருத்து. அரிஸ்டாட்டில் சொன்னார் என்பது இனிப் பிரமாணமாகாது, பிரத்தியட்சமே பிரமாணம். ஆயின் சோதனை நடக்கும் அறையில் சிலர்தாமே நிற்க முடியும்? கடல்கடந்து வாழும் அறிஞருக்கும், இன்னும் பிறவாத தலைமுறைக்கும் அந்தப் பிரத்தியட்சத்தை எவ்வாறு வழங்குவது?

இதற்கு விடை கண்டவர்களில் தலையாயவர் ராபர்ட் பாயில். கண்ணாடிக் கலத்திலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கு ராபர்ட் ஹூக் அமைத்துக் கொடுத்த யந்திரத்தைக் கொண்டு தாம் நடத்திய 43 சோதனைகளை அவர் அதே 1660-இல் நூலாக வெளியிட்டபோது, யந்திரத்தின் படத்தையும் ஒவ்வொரு உறுப்பின் அமைப்பையும் காற்றுக் கசிவால் நேர்ந்த தொல்லைகளையும், வாசகர் அருகே நின்று பார்ப்பதுபோலத் தோன்றும்படி நெடிய வாக்கியங்களில் விவரித்தார். கைகூடாமற்போன சோதனைகளைக் குறித்தே இரண்டு கட்டுரைகள் எழுதி, 1661-இல் அச்சிட்ட நேர்மையும் அவருடையதே.

1662-இல் வெளிவந்த அவருடைய பாதரசச் சோதனையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். குட்டைக் கையின் நுனி மூடப்பட்டு, நெட்டைக் கை மேலோங்கிய அந்த வளைந்த கண்ணாடிக் குழாய், அறைக்குள் கொள்ளாத உயரமாதலால் மாடிப்படியில் நிறுத்தப்பட்டது. மேலிருந்து ஒருவர் பாதரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற, கீழிருந்த மற்றொருவர் சிறைப்பட்ட காற்று சுருங்குவதைக் கவனித்துச் சொன்னார். குழாய் உடைந்தால் பாதரசம் வீணாகாதபடி அடியில் ஒரு மரப்பெட்டியும் வைத்திருந்தனர். இவை யாவும் நூலில் உண்டு. பின்வரும் அட்டவணையிலோ, 48 பாகமாயிருந்த காற்று 24 பாகமாகக் குறுகியபோது தாங்கிய அழுத்தம் 58 13/16 அங்குலப் பாதரசம் என்று ஒரு பத்தியிலும், அழுத்தமும் பருமனும் தலைகீழ் விகிதத்தில் மாறும் என்னும் கொள்கையின்படி இருக்க வேண்டியது 58 2/8 அங்குலம் என்று அடுத்த பத்தியிலும் காண்கிறோம். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட இந்த வேற்றுமையைப் பாயில் அழித்துத் திருத்தவில்லை. நுட்பமான சோதனைகளில் தவிர்த்தற்கரிய பிழையாக அது இருக்கலாமென்று எழுதி, கண்டதையும் எதிர்பார்த்ததையும் அருகருகே நிறுத்திவைத்தார். சோதனைக் குறிப்பின் உயிர்நிலை அந்த இரண்டு பத்திகளுக்கு இடையேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

1665-இல் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய சங்கப் பத்திரிகையின் வாயிலாக இவ்வழக்கம் பரவியது. காலம் செல்லச் செல்ல எழுத்து சுருங்கியது. 'நான் ஊற்றினேன்' என்றது 'ஊற்றப்பட்டது' என்றாயிற்று. மாணவர் கைக்கு இது வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1824-இல் ஜெர்மனியின் கீசன் நகரில் ஆசிரியப் பொறுப்பேற்ற லீபிக், ரசாயனத்தைச் சோதனைச்சாலையிலேயே கற்பிக்கும் முறைக்குப் புகழ் தேடித் தந்தார். 1880-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு, பௌதிகச் சோதனைகளின் பட்டியலொன்றை வெளியிட்டு, அவற்றைச் செய்து எழுதிய நோட்டைப் பிரவேசப் பரீட்சையின்போது மாணவர் கொண்டுவர வேண்டுமென விதித்தது.

நன்மை பெரிது, தீங்கும் அதனுடனேயே புகுந்தது. பாயிலுக்கு விடை முன்கூட்டித் தெரியாது. மாணவனுக்கோ பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. தனி ஊசலை ஆட்டி அலைவு நேரம் அளப்பவன், புவியீர்ப்பு முடுக்கம் 980-ஐ ஒட்டி வர வேண்டுமென்று அறிந்திருப்பதால், 940 வந்தவுடன் நூலின் நீளத்தை மீண்டும் அளந்து பார்ப்பதற்குப் பதிலாக நொடிகளைத் திருத்தத் துணிகிறான். ரெக்கார்டு அழகாக அமைகிறது, சாட்சியம் பொய்யாகிறது. அவனை மட்டும் பழிப்பது நியாயமன்று: 940-ஐ அப்படியே எழுதி, குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தேனோ, அலைவை ஒன்று குறைத்து எண்ணினேனோ என்று காரணம் ஆராய்ந்த மாணவனுக்கு முழு மதிப்பெண் அளிக்காத பரீட்சை முறையே முதற் குற்றவாளி.

இந்தச் சோதனைச்சாலைகளிலேயே வேறு விதமாக நிகழ்ந்ததும் உண்டு. சென்னைப் பிரெசிடென்சி கல்லூரியில் பயின்ற விஞ்ஞானி சி. வி. ராமன், முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியால் அளக்கும் சாதாரண வகுப்புச் சோதனையில், ஒளி மிகச் சாய்வாக விழும்போது அதன் இருபுறமும் தோன்றும் ஒளிப்பட்டைகள் ஒத்திராமையைக் கண்டார். கோணத்தை அளப்பதற்கு அந்தப் பட்டைகள் தேவையில்லை. நோட்டின் எந்தத் தலைப்பும் அவற்றைக் கேட்கவில்லை. அவரோ அந்த வேற்றுமையையே பொருளாகக் கொண்டு மேலும் அளந்து எழுதினார். அக்கட்டுரை 1906 நவம்பரில், லண்டன் பிலாசபிக்கல் மேகசீனில் வெளியாயிற்று. அந்த மாதத்தில்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது.