கணக்கேட்டில் இல்லாத பாட்டனார்

சரித்திரம் என்றவுடன் மன்னரையும் போரையும் உடன்படிக்கைகளையுமே நினைப்பது நம்மவர் வழக்கம். காட்டை அழித்து இரப்பர்க் கன்று நட்டவனுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று எண்ணுவோர் சிலரே. அவன் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. இறந்த நாளோ அவன் வீட்டாருக்கே பல வேளைகளில் தெரியாது. அத்தகைய தோட்டக் குடும்பமொன்றின் தலைவராய் வாழ்ந்து மறைந்த எம் பாட்டனாரைப் பற்றி ஈண்டுச் சில சொல்லப் புகுகின்றோம். அவர் பெரும்புகழ் பெற்றவரல்லர். ஆயினும் அவர் வாழ்வின் தடத்தைப் பற்றிச் சென்றால் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம்.

ஒப்பந்தக்கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையே தோட்டங்களை நிரப்பிற்று. கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் திரட்டுவான். தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியைக்கொண்டு 1907-இல் அமைந்த தமிழர் குடிநுழைவு நிதி கப்பற்செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்கள் பரிசோதிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வழியே எம் பூட்டனார் மனைவியோடும் ஒரு கைக்குழந்தையோடும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிக் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றை அடைந்தார். அக்கைக்குழந்தையே எம் பாட்டனார். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை இங்கு அனுப்புவதைத் தடுத்தபோது, அவர் பால்மரங்களுக்கிடையே தாய்க்கு உதவியாக மங்கு துடைக்கும் சிறுவராயிருந்தார்.

அவர் மறவாது கூறிவந்த செய்தி ஒன்றுண்டு. பூட்டனார் சீட்டுப் பணத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். தோட்டச் சாலையில் துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்பது அக்கால வழக்கம். மகனைப் பின்னே அமர்த்திச் செல்லும்போதும் அவர் இறங்கி நின்றார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பனவற்றோடு, சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. வயிற்றுக்காக மட்டுமன்றி மானத்துக்காகவும் அவர்கள் போராடினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

நிற்க. யாம் தோட்டக் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். எவருக்காக எம் பூட்டனார் இறங்கி நின்றாரோ அவருடைய நாற்காலியின் வழிவந்த நாற்காலியில் இன்று அமர்ந்து செக்ரோல் எழுதுகின்றோம். அவ்வேட்டில் ஆளின் எண் உண்டு, வேலைநாள் உண்டு, கூலி உண்டு. அவன் எவ்வூரான், யாரை விட்டுப் பிரிந்து வந்தான் என்பதற்கு அதில் கட்டமில்லை. கணக்குக்கு அது வேண்டாதிருக்கலாம். குடும்பத்துக்கு வேண்டுமன்றோ?

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க முற்பட்டு, 1943 அக்டோபரில் அதனை முடித்தனர். அவ்வேலைக்குத் தோட்டந்தோறும் ஆள் பிடித்தனர். எம் பூட்டனார் சென்றார், மீளவில்லை. வாந்திபேதியும் பசியும் அடியும் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளரை மாய்த்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாய் நிற்கின்றன. நம்மவருக்கோ அத்தகைய வரிசை இல்லை. பதினைந்து வயதுகூட நிரம்பாத எம் பாட்டனார், தாயும் இரு தங்கையரும் அடங்கிய குடும்பத்தின் தலைவரானார். மரவள்ளிக் கிழங்கு நட்டு அவர்களைக் காத்தார்.

அவருக்குக் கையெழுத்திடத் தெரியும். அதற்குமேல் எழுதத் தெரியாது. ஆனால் எழுத்தின் வலிமையை அவரைப்போல் உணர்ந்தவரை யாம் கண்டதில்லை. தந்தையைப் பற்றிய துண்டுத்தாள் ஒன்றுகூட இல்லாத ஏக்கமே அதற்குக் காரணம். லயத்தில் குழந்தை பிறந்தால் முதலில் அவர் கேட்பது, "பிறப்புப் பத்திரம் எடுத்தாயிற்றா?" என்பதே. சோம்பியிருந்த தகப்பன்மாரை ஒருநாட் கூலி போனாலும் போகட்டும் என்று பட்டணத்துக்கு இழுத்துச் செல்வார். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு மனுச்செய்யும்படி வீடு வீடாய்ச் சொன்னார். சிலர் நகைத்தனர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்து, பலர் பிறந்த மண்ணை நோக்கித் திரும்ப நேர்ந்தபோது, நகைத்தவர்களே அவர் திண்ணைக்கு வந்து அழுதனர். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அனைவருடைய பத்திரங்களும் இருந்தன. 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டும் அதிலேயே இருந்தது.

பெரியவர் என்பதற்காகக் குறையை மறைப்பது முறையன்று. அவர் சொல்லுக்கு வீட்டில் எதிர்ச்சொல் இல்லை. பெண் பருவமடைந்தால் படிப்பு போதும் என்று எம் அத்தையின் பள்ளியை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார். கணவனை இழந்த அத்தை, பத்திரத்தில் உள்ளதைப் படிக்கவியலாமல் ஓர் அலுவலக வாயிலில் திகைத்து நின்ற செய்தியைக் கேட்டு இரவெல்லாம் உறங்காதிருந்தார். மறு ஆண்டு பேத்தியை இடைநிலைப் பள்ளிக்கு அவரே அழைத்துச் சென்றார். தவறு செய்யாத முதியவரை வணங்குவதினும், தவற்றைக் கண்டு தன் கையாலேயே திருத்திய முதியவரிடம் கற்பது நமக்கு நன்மை தரும்.

எண்பது அகவை கடந்து அவர் மறைந்தார். தம் தந்தைக்குத் திதி கொடுக்க நாள் தெரியாத அவர், "எனக்குப் பிண்டம் வேண்டாம், பெயரை எழுதி வையுங்கள்" என்றே சொல்லியிருந்தார்.

அன்பர்களே! இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, பழைய ஏடுகளைச் செல் அரித்தது. இன்று யாம் எழுதும் செக்ரோலில் பெரும்பாலும் கடல் கடந்து வந்த பிறநாட்டாரின் பெயர்களே உள்ளன. அவருள்ளும் ஒரு குடும்பத்தின் பாட்டனார் இருப்பார் என்றெண்ணி, சம்பளநாளில் அவர்களை எழுந்து நின்று விளிக்கின்றோம். உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இருப்பின், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரருகில் அமருங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யார் யார் திரும்பவில்லை என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். பிழையிருந்தால் அவரே திருத்தட்டும்.