ஆற்று வளைவின் போர்வைகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா நகருக்குத் தென்மேற்கே, அலபாமா ஆறு லாடம்போல வளைந்து ஒரு நிலப்பரப்பை மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. வில்காக்ஸ் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் ஜீஸ் பெண்ட். அஞ்சல் முகவரியில் 1949 முதல் அதன் பெயர் பாய்கின். சில நூறு கறுப்பின மக்களே வாழும் இந்தச் சிற்றூரில், பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வருகிறார்கள். வீட்டில் குளிருக்குப் போர்த்திக்கொண்ட அந்தப் போர்வைகள் இன்று அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் இடம்பெற்றிருக்கின்றன. எந்தப் போர்வையில் என்ன துணி சேர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, அந்தக் காலத்தில் ஊர் எப்படிப் பிழைத்தது என்பது தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் குவில்ட் என்று சொல்லப்படும் இந்தப் போர்வைக்கு மூன்று அடுக்குகள். மேலடுக்கு, துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தது. நடுவில் பஞ்சு. அடியில் முரட்டுத் துணி. மூன்றும் விலகாமலும் பஞ்சு ஓரிடத்தில் திரளாமலும் இருக்க, போர்வை முழுவதும் வரிவரியாக ஓட்டுத்தையல் போடுவார்கள். மேலடுக்கில் எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று முடிவுசெய்வதில்தான் தைப்பவரின் கலை தெரியும். அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது பொறுமையும் கைப்பழக்கமும் கேட்கும் வேலை.

ஊரின் பெயர் ஜோசப் ஜீ என்ற பண்ணையாரிடமிருந்து வந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த அவர் 1816இல் இங்கே வந்து, அடிமைகளின் உழைப்பில் பருத்திப் பண்ணை அமைத்தார். 1845இல் பண்ணை கடனுக்கு ஈடாக அவருடைய உறவினர் மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. மறு ஆண்டு பெட்வே குடும்பம் வட கரோலினாவிலிருந்து குடிபெயர்ந்தபோது, ஏறத்தாழ நூறு அடிமைகள் அத்தனை தூரத்தையும் நடந்தே கடக்க வேண்டியிருந்தது. ஊரில் பலருக்கு இன்றும் பெட்வே என்ற குடும்பப் பெயர் இருப்பது இதனால்தான். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அவர்களில் பெரும்பாலோர் அதே நிலத்தில் வாரக் குடிகளாகத் தங்கினார்கள். விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரருக்குப் போகும். விதை, உரம், மாவு எல்லாம் கடைக்காரரிடம் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சமே.

அந்த வாழ்க்கையில் துணி காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கவில்லை. உரம், மாவு, சர்க்கரை வந்த சாக்குகளைப் பிரித்து, துவைத்து, வெளுத்துப் போர்வையின் அடித்துணியாக்கினார்கள். சாக்கின் வாய்த்தையலைப் பிரித்தெடுத்த நூலே தையல் நூலாகவும் ஆனது. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடந்த பருத்தியையும் அரவை ஆலைத் தரையில் சிதறியதையும் பொறுக்கி வந்து, தூசி போகக் குச்சியால் அடித்து, மெத்தென்று பரப்பி நடுவில் வைத்தார்கள். மேலடுக்குக்கு உழைத்துத் தேய்ந்த உடுப்புகள்: வயல்வேலைக்கு உடுத்திய டெனிம் கால்சட்டைகள், சட்டைகள், பாவாடைகள்.

1920களில் சரியத் தொடங்கிய பருத்தி விலை பெருமந்தக் காலத்தில் அடிமட்டத்துக்கு வந்தது. ஊருக்குக் கடன் கொடுத்துவந்த காம்டன் நகர வணிகர் ஒருவர் இறந்துபோக, 1932இல் அவர் குடும்பத்தார் பாக்கியை ஒரே மூச்சில் வசூலிக்க இறங்கினார்கள். சுமார் 60 குடும்பங்களின் ஏர், கோவேறு கழுதை, பசு, கோழி, சேமித்த சோளம் எல்லாம் வண்டிகளில் ஏறிப்போயின. அந்தக் குளிர்காலத்தை ஊர் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப்பொருளால் தாண்டியது. காற்று புகும் பலகை வீடுகளில் சுவர் இடுக்குகளை அடைக்கச் செய்தித்தாள் ஒட்டினார்கள். குளிர் ஏறும்போது ஒருவர்மேல் பல போர்வைகளை அடுக்கிக்கொண்டு தூங்கினார்கள். போர்வை தைக்காத வீட்டில் குழந்தைகள் குளிரில் நடுங்க வேண்டியதுதான் என்ற நிலை.

கூட்டாட்சி அரசின் நிவாரணத் திட்டம் அடுத்துவந்த ஆண்டுகளில் ஊரை எட்டியது. 1937இல் அரசுப் பணிக்காக வந்த புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்த படங்களில், ஜொரீனா பெட்வே என்ற பெண் இரு சிறுமிகளோடு போர்வை தைக்கும் காட்சி ஒன்று உண்டு. பழைய பண்ணை நிலத்தில் ஏறக்குறைய 10,000 ஏக்கரை அரசு வாங்கி, புது வீடுகள், பள்ளி, கடை, பருத்தி அரவை ஆலை ஆகியவற்றைக் கட்டியது. 1940களில் குறைந்த வட்டிக் கடனில் குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் சொந்தமாக்கிக்கொண்டன. தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு வடக்கே போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜீஸ் பெண்ட் மக்களில் பலர் தங்கள் மண்ணிலேயே நின்றார்கள். தாயின் கைவேலை மகளுக்கும் பேத்திக்கும் அறுபடாமல் வந்துசேர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பகலில் வயல், மாலையில் அடுப்பு. தையலுக்கு இரவும் குளிர்காலமும்தான் கிடைத்தன. மேலடுக்கைப் பெரும்பாலும் ஒவ்வொருத்தியும் தனியாகவே தன் வீட்டில் இணைத்தாள். துண்டுகளைத் தரையிலோ கட்டிலிலோ பரப்பி, தள்ளிநின்று பார்த்து, மாற்றி வைத்து, மனசுக்குச் சரியென்று பட்டபின் ஊசியை எடுத்தாள். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் உட்கார்ந்து, தேவாலயப் பாடல்களைப் பாடிக்கொண்டே தைத்தார்கள். சிறுமிகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். நடுச் சதுரத்தைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் வளரும் 'வீட்டுக்கூரை', செங்கல் வரிசைபோல ஏறும் 'கொத்தனார்', நீளப்பட்டைகளால் ஆன 'சோம்பேறிப் பெண்' என்று சில வடிவங்கள் ஊர் முழுக்கத் தெரிந்தவை. ஆனால் அடுத்த வீட்டுப் போர்வையை அப்படியே தைப்பதை யாரும் பெருமையாக நினைக்கவில்லை. தெரிந்த வடிவத்தில் தொடங்கி, துணி தீர்ந்த இடத்தில் வேறு நிறத்துக்குத் தாவி, கோட்டைச் சற்றே சாய்த்துத் தன் வழியில் முடிப்பதே வழக்கமாக இருந்தது.

மிசோரி பெட்வே 1942இல் தைத்த போர்வை இந்த ஊரின் தையலுக்குத் தலைசிறந்த சான்று. கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய உடுப்புகளைப் பிரித்து, மகள் ஆர்லோன்ஸியாவின் துணையோடு மிசோரி அதைத் தைத்தார். கணவரை நினைத்திருக்கவும், அவர் துணிக்கு அடியில் தூங்கவும் ஒரு போர்வை வேண்டும் என்று தாய் விரும்பியதாக மகள் பின்னாளில் சொன்னார். 90 அங்குல நீளம், 69 அங்குல அகலம். வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்த டெனிமும் கார்டுராயும் சாக்குத்துணியும் அகலமான கட்டங்களாகவும் பட்டைகளாகவும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வகை 'வேலையுடுப்பு'ப் போர்வைகளில் தனி நிறமேற்றம் கிடையாது. முழங்கால் தேய்ந்த இடத்தில் நீலம் வெளிறியிருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாத துணி அடர்நீலச் சதுரமாகத் தெரியும். உழைத்தவரின் உடம்பு துணியில் விட்ட தடமே அந்தப் போர்வையின் வண்ணமாக அமைந்தது.

1960களில் வாக்குரிமைப் போராட்டம் ஊரை எட்டியது. வாக்காளராகப் பதிய ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகரான காம்டனுக்குப் போகவேண்டும். 1962இல் படகுச் சேவை நிறுத்தப்பட்டதால், ஆற்றின் மறுகரைக்குச் சாலை வழியாகச் சுமார் 40 மைல் சுற்ற நேர்ந்தது. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஊருக்கு வந்து பேசினார். வாக்குரிமை கேட்டதற்காகச் சுற்றுவட்டாரத்தில் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தார்கள். ஜீஸ் பெண்டில் நிலம் சொந்தமாக இருந்ததால், துணிந்து நிற்க ஒரு பிடிமானம் இருந்தது.

அந்தச் சூழலில் பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டரின் முயற்சியில் 1966 மார்ச்சில் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு உருவானது. ஜீஸ் பெண்ட் பெண்களும் பக்கத்து ஊரான ஆல்பர்ட்டாவின் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் நெடுங்காலம் அதை நடத்தினார். நியூயார்க் ஏலத்திலும் பெரிய கடைகளிலும் போர்வைகள் விலைபோயின. பெண்கள் கையில் முதன்முறையாக நிலையான கூலி வந்தது. கூட்டுறவு நிலம் வாங்கித் தையல் கூடம் கட்டியது. வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனைகளும் விற்றது.

கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம், பிசகாத தையல் கேட்டன. கூடத்தில் அப்படியே தைத்துக் கொடுத்த பெண்கள், வீட்டில் தங்களுக்கென்று பழைய வழியிலேயே தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்ததும், வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்கு வந்தன. தடித்த கார்டுராயில் நுண்ணிய துண்டுகள் சரியாக மடங்காது. அதனால் அகலப்பட்டைகளும் பெரிய கட்டங்களுமாக, பொன்மஞ்சள், செம்பழுப்பு, பச்சை நிறங்களில் ஒரு புதுப் போர்வை வரிசையே பிறந்தது. 1970களின் ஜீஸ் பெண்ட் போர்வையை அடையாளம் காட்டுவது இந்தக் கார்டுராய்தான்.

1990களின் இறுதியில், ஆனி மே யங்கின் போர்வையை ஒரு நூலில் படமாகப் பார்த்த கலைச் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் ஊரைத் தேடி வந்தார். அவர் திரட்டிய போர்வைகளின் கண்காட்சி 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்றது. நவீன ஓவியங்களுக்குச் சமமாக விமர்சகர்கள் அவற்றைப் பேசினார்கள். 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளில் வெளிவந்தன. அதே ஆண்டு படகுச் சேவையும் திரும்பியது.

புகழ் பெருகியபோது வருமானம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. 2007இல் சில பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 2015இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் அமெரிக்கக் கலைகளுக்கான தேசிய அறக்கட்டளையின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது.

போர்வைகளைக் கொடியில் விரித்து வெயில் காட்டுவது ஊரின் பழைய வழக்கம். அன்று ஒரு வீட்டுப் போர்வையை அடுத்த வீட்டார் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார்கள். 2022 முதல் அது ஆண்டுதோறும் அக்டோபரில் விழாவாக நடக்கிறது. வீட்டுத் திண்ணைகளிலும் வேலிகளிலும் கொடிகளிலும் பழைய போர்வையும் புதுப்போர்வையும் தொங்க, தைத்த பெண்களே அருகில் நின்று விலை சொல்லி விற்கிறார்கள்.