திரைவாசிப்பான் (குறைந்த விலைக் கணினிகளில்)

கணினித் திரையில் உள்ள எழுத்துகளையும் பொத்தான்களையும் குரலில் சொல்லும் மென்பொருள் திரைவாசிப்பான். பயன்படுத்துவோர் ஸ்கிரீன் ரீடர் என்பார்கள். பார்வையற்றவர் சுட்டெலியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே வேலையை முடித்துவிடலாம். இவ்வகை மென்பொருள்களில் 1989-இல் வெளிவந்த ஜாஸ் புகழ்பெற்றது. ஆனால் அதன் விலை, மலிவான கணினியின் விலையையே தாண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிச் சீமையில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை.

ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அந்தத் தடையை உடைத்தது. அது இலவசம், பென்டிரைவில் இருந்தே ஓடும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் இயங்கும். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். இயந்திரக் குரல்தான், ஆனால் மிகக் குறைந்த நினைவகமே போதும். ஜோனதன் டடிங்டன் 1995-இல் ஏகார்ன் நிறுவனக் கணினிகளுக்காக எழுதத் தொடங்கிய நிரலே அதன் மூலம்.

2012-இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை என்ற கணினி மடிக்கணினியைவிடச் சிறியது. லினக்ஸின் திரைவாசிப்பானான ஆர்கா அதில் ஓடும். இன்றைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்கா தானாக நிறுவப்படும். அமைப்பு முடிந்தபின் மானிட்டர் தேவையில்லை. பெரிய செலவு மிச்சம். விசைப்பலகைக்குள்ளேயே அமைந்த பை 400-இல் இயர்போன் துளை கிடையாது. யூஎஸ்பி ஹெட்போன் வேண்டும்.

கருவி கிடைத்தாலும் பழகித்தர ஆள் வேண்டும். அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு அருகில் பெயர்பெற்ற நிறுவனம், 1985-இல் எஸ்.எம்.ஏ. ஜின்னா மதுரையில் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம்.

உண்மையான இடையூறு கணினியில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, செமிகோலன்தான். திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஸ்கேன் செய்த படத்தில் அதற்கு எழுத்தே தென்படாது. தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடை 2010-இலேயே தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. வினாத்தாளோ சுற்றறிக்கையோ தயாரிப்பவர்கள் அதை யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துக் கோப்பாகவே அனுப்ப வேண்டும்.