நடையும் நாவலும்

எழுத்தாளன் என்றதும் இருமலும் இளைத்த மேனியுமாக ஒருவனைக் கற்பனை செய்துகொள்வது நம்மவர் வழக்கம். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. அந்தப் பேரிழப்பையே எழுத்தாளனுக்கு இலக்கணமாக்கிவிட்டோமோ என நான் ஐயுறுவதுண்டு.

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்சின் வாழ்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அவர் எழுத்து மேசையில் இருப்பார். அதன்பின் மூன்று மணி நேரம் நடப்பார். 1843இல் 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதையை எழுதிய நாட்களில், ஊரடங்கிய பின் லண்டன் வீதிகளில் 15, 20 மைல் நடந்து திரிந்ததாக அவரே கடிதமொன்றில் குறிப்பிட்டுள்ளார். 1857 ஒக்டோபரில் ஓரிரவு உறக்கம் வராது எழுந்து, லண்டனிலிருந்து கட்ஸ்ஹில்லில் உள்ள தமது வீட்டுக்கு 30 மைல் தூரத்தையும் நடந்தே கடந்தார். அந்த நடையில் உடல் உரம் பெற்றது, கதையும் வளர்ந்தது. வீடற்றோரும் உறக்கமற்றோரும் அவர் கண்ணிற் பட்டதும் அவ்வாறே.

ஆனால், அந்த உரத்தை அவர் அளவுக்கு மீறி நம்பிவிட்டார். 1858 முதல் கட்டணம் பெற்றுத் தமது கதைகளை மேடையில் வாசித்து வந்தார். 1865இல் இடது பாதம் வீங்கி நடை தடைப்பட்டது. அவ்வாண்டு யூனில் புகையிரத விபத்தொன்றிலும் உயிர் தப்பினார். அப்படியிருந்தும் 1869இல், 'ஒலிவர் டுவிஸ்ட்' நாவலில் நான்சி கொலையுண்ணும் காட்சியை மேடைதோறும் நடித்து வாசித்தார். 72ஆக இருந்த நாடித்துடிப்பு அவ்வேளைகளில் 100ஐத் தாண்டியதை வைத்தியர் குறித்து வைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் வைத்தியர் பயணத்தை நிறுத்தினார். எனினும் 1870 மார்ச் வரை மீண்டும் மேடையேறினார். யூன் 9ஆம் திகதி, 58ஆவது வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் காலமானார். 'எட்வின் ட்ரூட்' நாவல் பாதியில் நின்றது. அதன் முடிவு யாதென்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

உடம்பை இழிவென எண்ணியிருந்த திருமூலர், அதனுள் இறைவன் உறைவதை உணர்ந்து அதைப் பேணத் தொடங்கியதாகப் பாடினார். வகுப்பில் அப்பாடலை விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதி நாவல் நினைவுக்கு வரும். எழுதத் துடிக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதி முடித்ததும் எழுந்து நடவுங்கள், உடம்பு போதும் என்று சொல்லும்போது அதற்குச் செவிகொடுங்கள்.