லேர்ன் த ரோப்ஸ்

லேர்ன் த ரோப்ஸ் என்பது ஒரு தொழிலை அதன் நடைமுறை நுணுக்கங்களுடன் கற்றுக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். "கயிறுகளைக் கற்றல்" என்பது இதன் நேர்ப்பொருள். ஏட்டுக் கல்வியை விட, அனுபவமுள்ளவருடன் இருந்து பழகுவதையே இது சிறப்பாகச் சுட்டும்.

தோற்றம்

இத்தொடர் பாய்மரக் கப்பல்களிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் தனித்தனிக் கயிறுகள் இருந்தன. எந்தக் கயிறு எதற்கு உரியது என்பதைப் புதிய மாலுமி முதலில் அறிய வேண்டும். ரிச்சர்டு என்றி டேனா 1840இல் வெளியிட்ட கடற்பயண நூலில் "நோ த ரோப்ஸ்" என்ற வடிவம், அனுபவ அறிவு என்னும் பொருளில் வந்துள்ளது.

பயன்பாடு

* லேர்ன் த ரோப்ஸ் - கற்பவர் தொழில் பழகுதல்
* ஷோ த ரோப்ஸ் - மூத்தவர் புதியவருக்குக் கற்றுக்கொடுத்தல்
* நோ த ரோப்ஸ் - தொழிலை நன்கு அறிந்திருத்தல்

இவற்றில் "ரோப்ஸ்" எப்போதும் பன்மையிலேயே வரும். "ஆன் த ரோப்ஸ்" என்பது குத்துச்சண்டையிலிருந்து வந்த வேறு தொடர். தோல்வியின் விளிம்பில் இருப்பதை அது குறிக்கும்.

எடுத்துக்காட்டுகள்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் சேரும் இளைஞர், காயைச் சல்லடையில் அளவு பிரிக்கவும் நிறம் பார்த்துத் தரம் சொல்லவும் பழகுவதை இத்தொடரால் குறிக்கலாம்.

தேனி மாவட்டக் கலைஞர்கள் இருவரின் வாழ்வும் இதற்குப் பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் தொடங்கினார். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அவர் இசையமைத்த முதல் படம் அன்னக்கிளி (1976). தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராகப் பணியாற்றினார். அவர் இயக்கிய முதல் படம் 16 வயதினிலே (1977). அதற்கு இசை இளையராஜா. இருவரும் உதவியாளராக இருந்த காலத்தையே ஆங்கிலத்தில் "லேர்ன் த ரோப்ஸ்" என்பர்.

தமிழாக்கம்

இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தல் பொருந்தாது. கடல் சார்ந்த பின்னணி தமிழ்த் தொடரில் புலப்படாது. மேலும், "கயிறு திரித்தல்" என்பது தமிழில் பொய்யைப் புனைந்து கூறுவதைக் குறிக்கும். எனவே "தொழில் பழகுதல்", "நெளிவு சுளிவுகளைக் கற்றுக்கொள்ளுதல்" ஆகியனவே ஏற்ற தமிழாக்கங்கள் ஆகும்.