மூன்று பிரதிகள்

எங்கள் கூடத்தில் முன்பு டெலிபோன் இருந்த முக்காலியில் இப்போது ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. வைஃபை பெட்டியோடு ஒரு ஒயரில் இணைத்துவிட்டால், வீட்டில் எந்த அறையிலிருந்தும் செல்போனில் பாட்டுக் கேட்கலாம். நெட்வொர்க் ஸ்டோரேஜ், சுருக்கமாக நாஸ் என்கிறார்கள். என்னிடமிருந்த நானூற்றுச் சொச்சம் சிடிக்களையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து, இதில் ஏற்றி முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. எம்.டி.ராமநாதனும் நாகூர் ஹனிபாவும் ஜார்ஜ் பிரசான்ஸும் சண்டையில்லாமல் ஒரே பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று மனைவி கேட்டாள். காரணம் ஒரு சிடிதான்.

அம்மா நலங்குப் பாட்டுகள் பாடிய கேசட் ஒன்று இருந்தது. 2003-இல் அதை வெற்று சிடியில் பதிந்தேன். இனி அழியாது என்று நம்பிக் கேசட்டைத் தூக்கிப் போட்டேன். பல வருஷம் கழித்துப் போட்டால் சிடி சுற்றுகிறதே தவிர, சத்தம் இல்லை.

சிடி அழியாது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருந்ததுதான். 1982 ஆகஸ்டு 17-இல் ஜெர்மனியில் ஹானோவர் அருகே லாங்கன்ஹாகன் ஆலையில் முதல் சிடிக்கள் வெளிவந்தன. அக்டோபர் 1-இல் ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது. ஊசி உரசாது, நாடா சிக்காது. ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கி வைத்தார்கள். அதென்ன 44,100? அன்று இவ்வளவு எண்களைப் பதிந்துவைக்கக் கைவசம் இருந்தது வீடியோ டேப்தான். ஜப்பானிய முறையில் அதில் வினாடிக்கு 60 வரிசைகள். வரிசைக்கு 245 கோடுகள் பயன்பட்டன. கோட்டுக்கு 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள். குமாஸ்தா புத்தி, நான் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

1983-இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 10 எம்பி. 74 நிமிட சிடி ஒன்றை வைக்க அப்படி எழுபதுக்கு மேல் வேண்டும்! இப்போது என் சிடிக்கள் மொத்தமும் 150 ஜிபி அளவில் அடங்கிவிட்டன. 2001-இல் வந்த ஃபிளாக் என்ற முறையில் சுருக்கியிருக்கிறேன். எம்பி3 சில ஒலிகளைக் கழித்துவிடும். இது ஒன்றையும் கழிக்காது.

ஆனால் ஆலையில் அச்சிட்ட சிடி வேறு, நாம் வீட்டில் பதியும் சிடி வேறு. முதலாவதில் பிளாஸ்டிக்கிலேயே குழிகள் இருக்கும். இரண்டாவதில் இருப்பது வெறும் சாயம். வெளிச்சமும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். இது எனக்கு அப்போது தெரியாது.

பெட்டி வந்ததும் இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். ஒரு டிஸ்கில் எழுதுவதை மற்றதிலும் தானே எழுதிக்கொள்கிறதே! முதல் வாரமே கை தவறிப் பிரசான்ஸ் பாட்டுகள் முழுவதையும் அழித்தேன். ஒன்றில் அழித்ததை மற்றதிலும் உடனே அழித்துவிட்டது. நல்ல வேளை, அவை ஆலை சிடிக்கள், மறுபடி ஏற்றினேன்.

பேரன் சிரித்தான். "மூணு காப்பி இருக்கணும் தாத்தா, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும்" என்றான். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய விதியாம். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. நான் எத்தா சிவில் பதிவேடுகளோடு காலம் தள்ளியவன். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவை இரண்டு பிரதியாக வைக்க வேண்டும் என்பது பிரான்சில் 1667-ஆம் ஆண்டுச் சட்டம். காலனிகளுக்கு அது போதவில்லை. வெயில், ஈரம், கரையான், இவை போதாவென்று போர். 1761-இல் ஆங்கிலேயர் நம் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியதை மறக்க முடியுமா? பதினாறாம் லூயி காலத்தில், 1776 ஜூனில் ஓர் ஆணை வந்தது: மூன்றாவது பிரதி ஒன்று கப்பலேறி வெர்சாய் போய்ச் சேர வேண்டும். அந்த ஏடுகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அலைந்த நம்மூர்க் குடும்பங்களுக்குப் பழைய பதிவின் அருமை தெரியும். 2014 நவம்பர் மழையில் கடற்கரை மேரி கட்டடம் இடிந்து விழுந்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஆணைதான். அம்மாவின் பாட்டுக்கு அதை நான் ஏன் செய்யவில்லை?

செய்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. காரைக்காலில் இருக்கும் அக்காவிடம் போனில் புலம்பியபோது, "அன்னிக்கே எனக்கு ஒண்ணு குடுத்தியேடா" என்றாள். பீரோவில், கூறைப்புடவை மடிப்பில் இருட்டில் கிடந்திருக்கிறது. ஆறு பாட்டில் ஐந்து சுத்தமாக வந்தன. ஆறாவது பாதியில் திக்குகிறது, மிச்சம் வராது.

இப்போது பெட்டியில் உள்ளது போக, கையடக்க டிஸ்க் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று என் மேசை டிராயரில், மற்றது அக்காவின் பீரோவில். பொங்கலுக்குக் காரைக்கால் போகும்போது இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருவேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.